மீட்டிங் சேர்ந்ததும் ப்ளூடூத் ஹெட்செட் சத்தம் கெடுவது

மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் செட்டிங்ஸில் மைக்கை மட்டும் லேப்டாப் மைக்குக்கு மாற்றுங்கள். ஸ்பீக்கர் ஹெட்செட்டிலேயே இருக்கட்டும். பாட்டு நன்றாகக் கேட்டு, மீட்டிங்கில் மட்டும் பழைய டிரங்க் கால் மாதிரி ஆவது பெரும்பாலும் இதில் சரியாகிவிடும்.

ஹெட்செட் பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு, அவசரப்பட்டு புதிது வாங்காதீர்கள். பாட்டுக்கான ஸ்டீரியோ இணைப்பு ஒருவழிப்பாதை, அதில் மைக் சத்தம் திரும்பிப் போகாது. அதனால் ஹெட்செட் மைக் திறந்த உடனே ப்ளூடூத், போன் பேசுவதற்கான இருவழி ‘ஹேண்ட்ஸ்ஃப்ரீ’ முறைக்குத் தாவும். அதில் மோனோதான் (இரு காதிலும் ஒரே சத்தம்), அதுவும் வழக்கமாக 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளிங்தான், அதனால்தான் சத்தம் மங்குகிறது.

உறுதிசெய்ய, பாட்டு ஓடும்போதே சவுண்ட் ரெக்கார்டரைத் திறந்து ஹெட்செட் மைக்கில் பதிவைத் தொடங்குங்கள். அந்த நொடியே பாட்டு மங்கினால் காரணம் இதுதான்.

விண்டோஸ் 10 என்றால் ஸ்பீக்கர் பட்டியலில் ஒரே ஹெட்செட் இரண்டு முறை வரும். ‘ஹேண்ட்ஸ்ஃப்ரீ’ வேண்டாம், ‘ஸ்டீரியோ’வை எடுங்கள். இதைத்தான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள்.

ஒன்று: லேப்டாப் மைக் கீபோர்டு தட்டலையும் பக்கத்து சீட் அரட்டையையும் சேர்த்தே அனுப்பும். மீட்டிங்கில் டைப் அடித்துக்கொண்டே பேசுகிறவர் என்றால், மைக் வைத்த சாதாரண ஒயர் இயர்போன்தான் என் ஓட்டு.