அச்சுப் பிழையா, அடிபட்ட காசா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்குக் கிடைத்த 2 ரூபாய் நாணயத்தில் சிங்கமுகம் ஓரமாக ஒதுங்கி, எதிர் ஓரம் பிறை வடிவில் வெறுமையாக இருக்கிறது. இதற்கு மதிப்பு உண்டா? – வாசகர், விருதுநகர்

பதில்: நாணயத்தைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒதுங்கியிருக்கிறதா, ஒரு பக்கம் மட்டுமா என்பதுதான் முதல் சோதனை. அச்சடிக்கும் இயந்திரத்தில் மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு, நடுவில் வில்லையை, அதாவது இன்னும் அச்சு விழாத உலோக வட்டத்தை, சுற்றிப் பிடிக்க ஒரு வளையம் இருக்கும். வில்லை வளையத்துக்குள் உட்காராமல் பாதி வெளியே கிடக்கும்போது அடி விழுந்தால் இரு பக்கமும் சேர்ந்தே ஒதுங்கும். சுற்றிலும் தடுப்பு இல்லாததால் உலோகம் பிதுங்கி, வட்டமும் கோணலாகிவிடும். சேகரிப்பாளர்கள் ‘ஆஃப் சென்டர்’ என்று தேடுவது இதைத்தான். வட்டம் கெடாமல் ஒரு பக்கம் மட்டும் ஒதுங்கியிருந்தால் அச்சு மட்டுமே இடம் பெயர்ந்திருக்கிறது. அதற்கு விலை குறைவு.

5 சதவீத ஒதுக்கத்தை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. ஏறக்குறைய பாதி ஒதுங்கியும் ஆண்டும் நாணயச்சாலைக் குறியும் முழுதாகத் தெரிந்தால் அதுவே உயர்ந்த ரகம். ஆண்டின் கீழே வைரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா. எதுவும் இல்லாவிட்டால் கொல்கத்தா. குறி இல்லாததையே பிழை என்று சொல்லி விற்கிறார்கள். அதை நம்பி வாங்காதீர்கள்.

அடுத்து எடை. 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு போதும். 2011 வரிசையில் 1 ரூபாய் 3.79 கிராம், 2 ரூபாய் 4.85 கிராம், 5 ரூபாய் 6 கிராம். ஆஃப் சென்டர் நாணயத்தில் உலோகம் எங்கும் போய்விடவில்லை, ஆகவே எடை குறையக் கூடாது. குறைந்தால் யாரோ அராவியிருக்கலாம். 2 ரூபாய் முத்திரையோடு எடை 3.79 கிராம் அளவில் நின்றால் மட்டும் பொறுமையாக ஆராயுங்கள்: 1 ரூபாய் வில்லையில் 2 ரூபாய் அச்சு விழுந்திருக்க வாய்ப்புண்டு.

கேள்வி: ‘லக்கி’ நாணயம் என்று ஒன்றைக் காட்டினார்கள். ஒரு பக்கம் சிங்கமுகம் சரியாக இருக்கிறது. மறுபக்கம் அதே சிங்கமுகம் குழிந்து, எழுத்துகள் இடவலம் மாறித் தெரிகின்றன. எப்படிச் சரிபார்ப்பது? – வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அடித்து முடித்த நாணயம் வெளியே விழாமல் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும்போது இது நேர்கிறது. அடுத்த வில்லை உள்ளே வந்ததும், அதன் ஒரு பக்கத்தில் அச்சுக்குப் பதிலாக ஒட்டியிருக்கும் நாணயமே பதிகிறது. மேடாக இருந்தது குழியாகவும், இடம் வலமாகவும் மாறுவது அதனால்தான். பழைய ரோமானிய வெள்ளி நாணயங்களிலேயே இந்தப் பிழை உண்டு. முதல் அடியில் கிடைக்கும் பதிவு கூர்மையாக இருக்கும். ஒட்டிய நாணயம் அடிமேல் அடி வாங்கி விரிய விரிய, பின்னால் வருபவற்றில் உருவம் பெரிதாகி மங்கும். அதனால் முதல் பதிவுக்குத்தான் விலை.

போலி செய்வதும் எளிது என்பதால் அவசரப்படக் கூடாது. இரண்டு நாணயங்களை ஒட்டவைத்துப் பட்டறை வைஸில் இறுக்கினால் குழிந்த உருவம் விழுந்துவிடும். ஆனால் வைஸில் போனது முழுதாக அடிக்கப்பட்ட நாணயம். 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் குழிந்த உருவத்தின் அடியில் நாணய மதிப்பைக் காட்டும் எண்ணோ எழுத்தோ நசுங்கிக் கிடப்பது தெரியும். மறுபக்கத்தின் மேடான பகுதிகளும் தட்டையாகிப் பளபளக்கும். அசலில் குழிந்த உருவத்தின் கீழ் வேறு எந்தத் தடமும் இராது.

கேள்வி: ஓரத்தில் வளைவாக வெட்டுப்பட்ட நாணயம், நாணயச்சாலையில் நேர்ந்ததா, பிறகு வெட்டியதா? – வாசகர், திருச்சி

பதில்: வெட்டுக்கு நேர் எதிரே உள்ள விளிம்பைப் பாருங்கள். உலோகத் தகட்டில் ஏற்கெனவே துளை விழுந்த இடத்தின் மேலேயே வெட்டுளி மறுபடி இறங்கினால் வில்லை பிறை வடிவில் குறைபடும். பிறகு விளிம்பை உயர்த்த வில்லையை அழுத்தி உருட்டும்போது, வெட்டுப்பட்ட இடத்தில் பிடிமானம் இல்லாததால் அதன் எதிர்ப்புறத்திலும் அழுத்தம் விழாது. அங்கே விளிம்பு மழுங்கியிருக்கும். ‘பிளேக்ஸ்லி விளைவு’ என்பது இதன் பெயர். எதிர்ப்பக்க விளிம்பு முழு உயரத்தில் கூர்மையாக நின்றால் பெரும்பாலும் அது பின்னால் வெட்டியதே. வெட்டின் அருகே எழுத்துகள் சற்று இழுபட்டு மங்கியிருப்பதும் அசலின் அடையாளம்.

கேள்வி: நாணயத்தைத் திருப்பினால் மறுபக்கம் சாய்ந்து நிற்கிறது. எத்தனை டிகிரி இருந்தால் பிழை? – வாசகர், சேலம்

பதில்: இந்திய நாணயத்தை இடது, வலது ஓரங்களில் பிடித்துப் புத்தகத்தின் தாளைப் போலத் திருப்பினால் மறுபக்கமும் நேராக நிற்க வேண்டும். அச்சு தளர்ந்து சுழன்றுவிட்டால் சாயும். சில டிகிரி சாய்வு சாதாரணம். 90 டிகிரிக்கு மேல்தான் ஆர்வம் கூடும். 180க்குத் தனி மவுசு. அமெரிக்க நாணயங்கள் இப்படித் திருப்பினால் தலைகீழாகத்தான் நிற்கும், அது அவர்கள் முறை.

கேள்வி: 10 ரூபாய் நாணயத்தில் ரூபாய்க் குறி இருப்பதும் இல்லாததும் பிழையா? – வாசகி, மதுரை

பதில்: இல்லை. ரூபாய்க் குறி 2011 வடிவத்தில் வந்தது. 14 வடிவங்களில் 10 ரூபாய் நாணயங்கள் வெளியாகியிருப்பதாகவும் அனைத்தும் செல்லும் என்றும் 2018இல் ரிசர்வ் வங்கியே அறிவித்தது. கடைக்காரர் மறுத்தால் அதைச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆண்டே இல்லாத பிரிட்டன் 20 பென்ஸ் நாணயம் என்னிடம் இருக்கிறது. – வாசகி, லண்டன்

பதில்: அசலாக இருந்தால் நல்ல நாணயம். 2008இல் பிரிட்டன் வடிவத்தை மாற்றியபோது, பின்பக்கத்தில் இருந்த ஆண்டு ராணியின் முகமுள்ள பக்கத்துக்கு மாறியது. பழைய முன்பக்க அச்சும் புதிய பின்பக்க அச்சும் தவறாக ஜோடி சேர்ந்ததால் இரு பக்கமும் ஆண்டு இல்லாமல் போயிற்று. 50,000 முதல் 2,00,000 வரை வெளியே போயிருக்கலாம் என்பது பிரிட்டன் நாணயச்சாலையான ராயல் மின்ட்டின் கணிப்பு. அத்தனை இருப்பதால் கோடி கேட்க முடியாது. ராணியின் பக்கம் அராவிய தடம் இருக்கிறதா என்று மட்டும் லென்ஸில் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: 5 ரூபாய் வைஷ்ணோ தேவி நாணயத்துக்கு 10 லட்சம் தருவதாகவும் முன்பணம் கட்டச் சொல்லியும் அழைப்பு வந்தது. – வாசகர், ஈரோடு

பதில்: கட்டாதீர்கள். அது ஒரு நினைவு நாணயம், பிழையும் அல்ல. ரிசர்வ் வங்கி பெயரில் கமிஷன் கேட்கும் மோசடி குறித்து 2021 ஆகஸ்டில் வங்கியே எச்சரித்தது: பழைய நாணயம் வாங்கி விற்கும் வேலையில் அது ஈடுபடுவதில்லை, யாரையும் நியமிக்கவும் இல்லை. ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

உண்மையான பிழை நாணயம் கையில் இருந்தால் புளி, எலுமிச்சை, பற்பசை எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். இயல்பான மெருகு போனால் விலையும் போய்விடும். ஓரத்தில் பிடித்து, பிவிசி பிளாஸ்டிக் கலக்காத உறையில் போட்டு, எடையையும் விட்டத்தையும் உறை மேல் எழுதி வையுங்கள்.