பாத்திரத்தில் பேர், பாத்திரத்தில் கோலம்: வாசகர் கேள்வி-பதில்

கும்பகோணத்தில் பாத்திரக் கடைகளுக்கு நடுவே லேசர் மார்க்கிங் கடை வைத்திருக்கிறேன். இதே இடத்தில்தான் அப்பா மணைப் பலகையில் உட்கார்ந்து, உளியும் சுத்தியலுமாகப் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டிக்கொண்டிருந்தார். உலோகப் பொருள்களில் பேரும் படமும் போடுவது பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பித்தளைத் தாம்பாளத்தில் சிக்குக் கோலம் லேசரில் போட்டு வாங்கினேன். இரண்டு முறை புளி போட்டுத் தேய்த்ததும் கோலம் மங்கிவிட்டது. லேசர் என்றால் அழியவே அழியாது என்றார்களே?
– வாசகி, மன்னார்குடி

அம்மா, உங்கள் புளி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. லேசரில் இரண்டு விதமாகப் போடலாம். மேற்பரப்பை மட்டும் சுட்டுக் கறுப்பாக்குவது ஒன்று. உலோகத்தையே தோண்டி எடுப்பது இன்னொன்று. உங்களுக்குப் போட்டது முதல் வகை. அந்தக் கறுப்பு, சூட்டில் உண்டான ஆக்சைடு படலம்தான். பித்தளை கறுத்துப்போனால் நாம் எதற்காகப் புளியைத் தேடுகிறோம்? அந்தப் படலத்தை எடுக்கத்தானே. கோலத்தின் கறுப்புக்கும் பாத்திரத்தின் கறுப்புக்கும் புளி வித்தியாசம் பார்க்காது.

பித்தளையில் வேலை செய்வது கொஞ்சம் கஷ்டம். ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அடித்துவிடும். உள்ளே போகும் கொஞ்சம் சூட்டையும் உடனே பக்கத்தில் பரப்பிவிடும். எவர்சில்வரை விடப் பித்தளை சுமார் ஏழு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். செம்பு இருபது மடங்குக்கும் மேல். அதனால் ஒரே ஓட்டத்தில் முடித்துக் கொடுத்தால் கோலம் தோலோடு நின்றுவிடும். நான் பித்தளைக்கு 50 வாட் மெஷினில் ஒரே கோட்டின் மேல் பதினைந்து, இருபது ஓட்டம் விடுவேன். நடுவில் நிறுத்தி, பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் தூளைத் தட்டிவிட்டு மறுபடி ஓட்டுவேன். 0.1 மி.மீ. ஆழமாவது வேண்டும். பெரிய தாம்பாளம் என்றால் அரை மணி, முக்கால் மணி ஆகிவிடும். நேரம் கூடினால் கூலியும் கூடும். அதைக் குறைக்கத்தான் பல இடங்களில் மேலோட்டமாகப் போட்டுவிடுகிறார்கள்.

வாங்கும்போது நீங்களே பார்க்க ஒரு வழி இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கோட்டின் குறுக்கே நகத்தை இழுங்கள். நகம் தடுக்க வேண்டும். தடுத்தால் அந்தக் கோலம் உங்கள் பேத்தி காலம் வரை நிற்கும். பள்ளத்துக்குள் புளி போகும், ஆனால் நார் அவ்வளவாகப் போகாது. அதனால் நாள் ஆக ஆக மேல்பகுதி பளபளக்க, கோடு மட்டும் தானாகவே கறுத்து எடுப்பாகத் தெரியும்.

மங்கிய கோலத்தின் மேலேயே மறுபடி ஆழமாகப் போடலாம். ஆனால் போட்ட கடைக்கே கொண்டுபோங்கள். அதே ஃபைல் இருந்தால்தான் கோடு கோட்டின் மேல் உட்காரும். இன்னொன்று, சமைக்கிற பித்தளைப் பாத்திரத்தின் உள்பக்கம் மட்டும் எதுவும் போடச் சொல்லாதீர்கள். ஈயப் பூச்சு போய்விடும்.

எவர்சில்வர் டம்ளரில் நீலம், பொன்நிறம், ஊதா என்று கலர் கலராக மயில் போட்டிருப்பதைப் பார்த்தேன். அது சாயமா? தினமும் காபி குடிக்கிற டபரா டம்ளரில் போடலாமா?
– வாசகி, திருச்சி

சாயம் ஒரு சொட்டுக்கூட இல்லை. மழைத்தண்ணீரில் பெட்ரோல் சொட்டினால் வானவில் தெரியுமே, அதே கதைதான். லேசர் எவர்சில்வரின் மேல் மெல்லிய ஆக்சைடு படலத்தை வளர்க்கிறது. படலத்தின் கனம் மாற மாற நிறமும் மாறுகிறது. இதற்கு ஒளித்துடிப்பின் நீளத்தையே கூட்டிக் குறைக்கக்கூடிய ‘மோபா’ வகை மெஷின் தோதானது. ஒரு நிறத்துக்குச் செட்டிங் பிடிக்கவே நான் பழைய டம்ளர்களில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் போட்டுப் பார்ப்பேன். அடுத்த கம்பெனி டம்ளர் வந்தால் அதே செட்டிங்கில் நீலம் பச்சையாகிவிடும்.

ஆனால் தினசரி டம்ளருக்குக் கலர் வேண்டாம். கம்பி நாரால் நாலு நாள் தேய்த்தால் மயில் போய்விடும். அதோடு, எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பதே அதிலுள்ள குரோமியம் போட்டுக்கொள்ளும் கண்ணுக்குத் தெரியாத கவசத்தால்தான். லேசர் சுட்ட இடத்தில் அந்தக் கவசம் பலவீனமாகிறது. உப்புத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறினால் அங்கே துரு புள்ளி வைக்கும். நிக்கல் குறைந்த மலிவான எவர்சில்வரில் இன்னும் சீக்கிரம். கலர் மயிலை ஷீல்டு, வாசல் பெயர்ப்பலகை, பேனா இவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டம்ளருக்குச் சின்னக் கோலம் ஒன்றைப் பட்டையாகச் சுற்றிவரப் போடலாம், அழகாக இருக்கும். டம்ளரைச் சுழற்றும் ரோட்டரியில் மாட்டிப் போடுவோம். இதில் முக்கியம் சுற்றளவு. ஸ்கேலை வைத்து விட்டத்தை அளந்து கணக்குப் போடுவதை விட, ஒரு நூலை டம்ளரில் சுற்றி எடுத்து அளப்பது எனக்குச் சரியாக வருகிறது. 63 மி.மீ. விட்டம் என்றால் சுற்றளவு 198 மி.மீ. அதில் ஒரு மில்லி தப்பினாலும் சிக்குக் கோலத்தின் கடைசி வளைவு முதல் வளைவோடு சேராமல் இடைவெளி விழும். சிக்குக் கோலத்தில் கோடு விட்டுப்போகலாமா? நம் டம்ளர் மேலே விரிந்து கீழே குறுகுவதால், பக்கம் மட்டமாக வரும் அளவுக்கு ரோட்டரியைச் சாய்த்து வைக்க வேண்டும். விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் விட்டுத்தான் தொடங்குவேன். உதடு படும் இடத்தில் பள்ளம் இருந்தால் காபிக் கறை தங்கும்.

தமிழில் பேர் போட்டால் எழுத்து உடைந்து வருகிறது. ஆங்கிலத்தில் போட்டுக்கொள்ளுங்கள் என்கிறார்கள். தமிழில் முடியாதா?
– வாசகர், ஈரோடு

தாராளமாக முடியும். மெஷினோடு வரும் மென்பொருள்கள் சிலவற்றுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாது. ‘கொ’ என்று நாம் அடித்தால் கம்ப்யூட்டர் முதலில் ககரத்தையும் அப்புறம் உயிர்க்குறியையும் வைத்துக்கொள்கிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவந்து, காலைப் பின்னால் வைக்க வேண்டும். அந்த வேலை நடக்காவிட்டால் கொம்பு இடம் மாறிப் போய்விடும்.

கடை தொடங்கிய முதல் வருஷம் ஒரு கல்யாணத்துக்கு 60 தாம்பூலத் தட்டு. மணமகள் பேரில் ஒரு ‘கோ’ இருந்தது. மாதிரியைக் கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில் காட்டிச் சம்மதம் வாங்கிவிட்டு, மெஷினில் பேரை மறுபடி டைப் செய்தேன். அவசரத்தில் திரையைச் சரியாகப் பார்க்கவில்லை. 60 தட்டிலும் கொம்பு தப்பான இடத்தில். பெண்ணின் அம்மா ஒரு தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றார்கள். அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. புதுத் தட்டு வாங்கி ராத்திரியோடு ராத்திரியாகப் போட்டுக் கொடுத்தேன்.

அதிலிருந்து மெஷினில் பேரை டைப் செய்வதே இல்லை. கோரல்டிராவிலோ இன்க்ஸ்கேப்பிலோ அடித்து, எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றிவிட்டுத்தான் மெஷினுக்கு அனுப்புவேன். அப்போது அது எழுத்தல்ல, படம். உடையாது. பிறகு தாளில் அச்செடுத்து, வீட்டுக்காரர் எழுத்துக்கூட்டிப் படித்துக் கையெழுத்துப் போட்ட பின்தான் முதல் தட்டு. ‘கௌ’ என்பதை ‘கெள’ என்று அடித்துவிடுவது, புள்ளி விட்டுப்போவது எல்லாம் அந்தத் தாளில் மாட்டிக்கொள்ளும். உங்கள் பேரைத் தமிழில்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

டிப்ளமோ முடித்திருக்கிறேன். இந்தத் தொழிலைத் தொடங்க ஆசை. எந்த மெஷின் வாங்குவது?
– வாசகர், விருதுநகர்

தம்பி, மரமும் அக்ரிலிக்கும் வெட்டும் சிஓ2 லேசரை உலோகத்துக்கு என்று வாங்கிவிடாதே. வெறும் உலோகத்தில் அது ஒன்றும் செய்யாது. மார்க்கிங் கலவை பூசிப் போட்டால்தான் பதியும். உனக்கு வேண்டியது ஃபைபர் லேசர், ஒளியின் அலைநீளம் 1064 நானோமீட்டர். எவர்சில்வரில் பேர் போட 20 வாட் போதும், 30 இருந்தால் நிம்மதி. பித்தளையில் தோண்ட 50. பெயின்ட் பூசிய தண்ணீர் பாட்டில்தான் இப்போது அதிகம் வரும். அதில் பெயின்டை மட்டும் எடுத்தால் போதும், உள்ளிருக்கும் எவர்சில்வர் வெள்ளையாகத் தெரியும். ஃபிளாஸ்க்கில் ஆழம் போகாதே. வெளிச்சுவர் ஓட்டையானால் சூடு நிற்காது.

மெஷின் வாங்கும் முன் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி வாங்கு. இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் இமையும் மூடாது. நேராக விழித்திரையில் போய்க் குவியும். மெஷினில் தெரியும் சிவப்புப் புள்ளி இடம் காட்டத்தான், அது வேலை செய்யும் ஒளி அல்ல. பளபளக்கும் எவர்சில்வர் குவளை வளைந்த கண்ணாடி மாதிரி, எந்தப் பக்கம் திருப்பி அடிக்கும் என்று சொல்ல முடியாது. பாதுகாப்புக் கண்ணாடியின் மேல் 1064 என்ற எண்ணும், ஒளியை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் ‘ஓடி’ அளவும் அச்சிட்டிருக்க வேண்டும். வேடிக்கை பார்க்கும் குழந்தைகளை உள்ளே விடாதே. புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் குழாயும் கட்டாயம். எவர்சில்வர் புகையில் குரோமியம் இருக்கிறது. பிவிசி ஒட்டிய பொருளைத் தொடவே தொடாதே, அமிலப் புகை வரும். நுரையீரலும் போகும், மெஷினும் போகும்.

மோதிரத்தில் ஹால்மார்க் எண் தேய்ந்துவிட்டது. அதே எண்ணைப் போட்டுத் தருவீர்களா?
– வாசகர், மதுரை

மாட்டேன். வேறு யார் போட்டுத் தருகிறேன் என்றாலும் கொடுக்காதீர்கள். அந்த எண்ணுக்கு எச்யுஐடி என்று பேர்; ஒவ்வொரு நகைக்கும் தனியாக, எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடம் வரும். அது பிஐஎஸ் என்ற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் மட்டுமே பதிக்க வேண்டியது. 1.4.2023 முதல் அது இல்லாத ஹால்மார்க் தங்க நகையைக் கடையில் விற்கக் கூடாது. பில்லோடு நகைக் கடைக்கே போங்கள். மோதிரத்தின் உள்பக்கம் பேர், கல்யாணத் தேதி வேண்டுமானால் போடலாம், முத்திரைக்குத் தள்ளி.

பாட்டியின் பித்தளை அண்டாவில் புள்ளி புள்ளியாக அவர் பேரும் ஊரும் வெட்டியிருக்கிறது. அதை அழித்துவிட்டுப் புதிதாகப் பூவேலை போட்டு, என் மகள் பேரை எழுதலாமா?
– வாசகி, காரைக்குடி

வேண்டாம் அம்மா, தயவு செய்து அழிக்காதீர்கள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சுத்தியல் அடி. அப்பா வெட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அடி கூடினால் தகடு குழிந்துவிடும், குறைந்தால் புள்ளி தெரியாது. பேரின் முதல் எழுத்தில் புள்ளிகள் நெருக்கமாகவும், கடைசியில் இடம் பார்த்துச் சற்றுத் தள்ளியும் விழும். உங்கள் அண்டாவிலும் அப்படித்தான் இருக்கும், பாருங்கள். யாரோ ஒருவர் பாட்டியின் எதிரில் உட்கார்ந்து, பேரைக் கேட்டு, வெட்டிக் கொடுத்தது அது. அதை அழிப்பதென்றால் தகட்டை ராவித்தான் எடுக்க வேண்டும். அண்டாவும் மெலியும்.

இப்படிச் செய்யுங்கள். எழுத்தின் மேல் விபூதியைத் தடவி, மேலாகத் துணியால் துடையுங்கள். புள்ளிகளில் வெள்ளை நின்று எழுத்து தெளியும். மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து நேராக போட்டோ எடுங்கள். அந்தப் புள்ளிகளை அப்படியே கம்ப்யூட்டரில் பிரதி எடுத்துவிடலாம். மகளுக்குச் சீராகக் கொடுக்கப்போகும் எவர்சில்வர் டப்பாக்களில் பாட்டி பேரை அதே புள்ளிகளாகவும், அதன் கீழே மகள் பேரையும், சுற்றிலும் நீங்கள் கேட்ட பூவேலையையும் போடலாம். உங்கள் ஊரிலேயே லேசர் கடை இருந்தால் அங்கேயே கேட்டுப் பாருங்கள். அண்டாவைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை, போட்டோ போதும்.