மெசேஜ் போனது மாஸ்டருக்கு, படிச்சது ஒன்பதாவது படிக்கற பையன்

கேள்வி: அக்கா, எனக்கு வயசு 29, திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கேன், பையர்கிட்ட (ஆர்டர் குடுக்கற வெளிநாட்டுக் கம்பெனி) பேசி ஆர்டரை முடிச்சுக் குடுக்கற வேலை. ஒரு டீ-ஷர்ட் ஆர்டர்ல எல் சைஸுக்கு பாடி லெங்த் 2 செ.மீ. கூட்டி பையர் புது அளவு சார்ட் அனுப்பினான். ராத்திரி 11 மணிக்கு வந்துச்சு, உடனே அந்த பிடிஎஃப்பை அப்படியே புரொடக்‌ஷன் குரூப்ல ஃபார்வர்டு பண்ணிட்டேன், எல்லாரையும் சிசில வெச்சு மெயிலும் போட்டேன். கட்டிங் மாஸ்டர் பாத்ததுக்கு ப்ளூ டிக் இருக்கு. ஆனா காலைல பழைய அளவுலயே 1,200 பீஸ் வெட்டிட்டார். பிடிஎஃப்ல முதல் பக்கம் பழைய சார்ட், ரெண்டாவது பக்கம்தான் புதுசு. கேட்டா பையன் சொன்ன அளவைத்தான் வெட்டினேன்ங்கறார் (அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது, ஒன்பதாவது படிக்கற பையன்தான் எப்பவும் வீட்ல படிச்சு சொல்லுவான்). இப்ப கம்யூனிகேஷன் சரியில்லைன்னு என்னைத் திட்டறாங்க, நஷ்டத்தை மாஸ்டர் சம்பளத்துல பிடிக்கலாமான்னும் பேச்சு ஓடுது. என்கிட்ட எல்லா ப்ரூஃபும் இருக்கு. எம்.டி.க்கு ஒரு மெயில் போடலாம்னு இருக்கேன், எப்படி எழுதினா என் மேல தப்பில்லைன்னு அவருக்குப் புரியும்?
— பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: தம்பி, இது எனக்குப் பழகின கடிதம். பேங்க்ல இருந்து வரும், ஆஸ்பத்திரில இருந்து வரும், ஐடி கம்பெனில இருந்து வாரம் ஒண்ணு வரும், எல்லாத்துலயும் கடைசில நிக்கறது ஒரே புலம்பல்தான், நான் சொல்லிட்டேன் அவங்கதான் கேக்கல. அதனால உங்களுக்கு ஆறுதல் சொல்லி நேரத்தை வீணாக்கப் போறதில்ல. நேரா நீங்க பிராக்கெட்டுக்குள்ள போட்டு ஒளிச்சு வெச்சிருக்கற வரிக்கு வரேன்.

அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது, பையன்தான் எப்பவும் படிச்சு சொல்லுவான். இந்த "எப்பவும்" நீங்களே எழுதினது. அப்ப உங்களுக்கு இது நேத்து தெரிஞ்ச விஷயம் இல்ல. மாசக்கணக்கா தெரிஞ்சே, படிக்கத் தெரியாத ஒரு மனுஷனுக்கு இங்கிலீஷ் பிடிஎஃப் அனுப்பிட்டு இருக்கீங்க, அதுவும் ராத்திரி 11 மணிக்கு. பையர் யூரோப்காரனா இருந்தா அவனுக்கு அது சாயங்காலம், வேலையை முடிச்சுட்டுக் கிளம்பறப்ப அனுப்பிட்டுப் போயிடுவான், அவனைக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா நீங்க அதை அப்படியே தள்ளிவிட்ட இடத்துல என்ன நடந்திருக்கும்னு யோசிச்சீங்களா? தூங்கப் போன பையனை எழுப்பி, என்னடா போட்டிருக்கான் பாருன்னு அப்பா போனை நீட்டியிருப்பார், அவன் அரைத் தூக்கத்துல முதல் பக்கத்தைப் படிச்சிருப்பான். முதல் பக்கம் பழைய சார்ட்டுன்னு அந்தப் பையனுக்கு யார் சொன்னா? நீங்க ஒரு வரி தமிழ்ல, "மாஸ்டர், எல் சைஸ் நீளம் 2 செ.மீ. கூட்டணும், ரெண்டாவது பக்கம் பாருங்க"ன்னு எழுதியிருந்தா அவரே படிச்சிருப்பார். வாய்ஸ் மெசேஜ் போட பத்து செகண்டு போதும்.

பெத்தவங்களுக்குப் பிள்ளைங்க படிச்சு சொல்றது நம்ம வீடுகள்ல இருக்கறதுதான், பேங்க் மெசேஜ், ஆஸ்பத்திரி சீட்டு, கரண்டு பில்லு, எல்லாம் பிள்ளைங்கதான் பாத்துச் சொல்லும், அதுல எந்தக் கேவலமும் இல்ல, அது பிள்ளையோட கடமைன்னே நான் சொல்லுவேன். ஆனா அது அந்த வீட்டுக்குள்ள அப்பாவுக்கும் பையனுக்கும் நடுவுல இருக்கற விஷயம். அதை உங்க கம்பெனியோட தபால் இலாகாவா மாத்தினது நீங்க. பதினாலு வயசுப் பையன் ஆயிரத்து இருநூறு பீஸுக்கு ஜவாப்தாரி ஆயிட்டான், இப்ப அப்பா சம்பளத்துல பிடிக்கப் போறாங்கன்னு அந்த வீட்ல பேச்சு நடக்கும், அவன் ஒரு மூலைல உக்காந்து கேட்டுட்டு இருப்பான். இத்தனையும் ஒரு பிராக்கெட்டுல அடங்கிடுச்சு உங்களுக்கு! எனக்குக் கோபம் வர்றது அந்த 1,200 பீஸுக்காக இல்ல தம்பி.

அவருக்குப் புரியலைன்னா கேட்டிருக்கலாமேன்னு நீங்க சொல்லுவீங்க. கேட்டிருக்கணும்தான், சந்தேகம் இருக்கறப்ப துணியை விரிச்சு அடுக்கி வெட்ட ஆரம்பிச்சது அவர் தப்பு. ஆனா அத்தனை பேர் இருக்கற குரூப்ல, தன்னைவிட வயசுல சின்னவரா இருக்கற உங்ககிட்ட, எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு எந்த மாஸ்டர் டைப் பண்ணுவார்? கட்டைவிரல் ஒண்ணைப் போட்டுட்டு சமாளிப்பார். வயசுல மூத்தவர் வாய்விட்டுச் சொல்ல முடியாததை சின்னவங்க தெரிஞ்சு நடந்துக்கறதுக்குப் பேருதான் மரியாதைன்னு நினைக்கற ஆளு நான், பழைய பஞ்சாங்கம்னு சொன்னாலும் பரவாயில்ல. உங்க அப்பாவோட ஸ்கேன் ரிப்போர்ட் இங்கிலீஷ்ல வந்தா அதை அவருக்கு ஃபார்வர்டு பண்ணிட்டு, ப்ளூ டிக் பாத்துட்டுத் தூங்கிடுவீங்களா?

ரயில்வேல லெவல் கிராசிங் கேட் மூடியாச்சுன்னு கேட்கீப்பர் போன்ல சும்மா சொன்னா ஸ்டேஷன் மாஸ்டர் ஏத்துக்க மாட்டார், பிரைவேட் நம்பர்னு ஒரு ரகசிய எண்ணைச் சொல்லணும், அதை எழுதி வெச்சுக்கிட்டுத்தான் மேல வேலை நடக்கும். அந்தப் பக்கம் இருக்கறவர் பதிலுக்கு ஒண்ணு சொல்ற வரைக்கும் சேதி போய்ச் சேர்ந்ததா கணக்கே இல்ல. ப்ளூ டிக் என்ன சொல்லுது, ஒரு போன்ல அந்த சாட்டை யாரோ திறந்தாங்கன்னு, அவ்வளவுதான், உங்க விஷயத்துல அந்த யாரோ யாருன்னு உங்களுக்கே தெரியும். 1948ல போட்ட ஃபேக்டரி சட்டமே 108வது பிரிவுல, சட்டப்படி ஒட்ட வேண்டிய நோட்டீஸை இங்கிலீஷோட சேத்து பெரும்பாலான தொழிலாளிங்களுக்குப் புரியற பாஷையிலயும் ஒட்டணும்னு சொல்லுச்சு. வாட்ஸ்அப் வந்ததும் நாம அதுக்கும் பின்னாடி போயிட்டோம் போல.

இனிமே சார்ட் மாறுச்சுன்னா பழைய பக்கத்தைக் கிழிச்சுட்டு புதுசை மட்டும் பிரிண்ட் எடுங்க, மாறின அளவைச் சிவப்புல வட்டம் போடுங்க, பக்கத்துல தமிழ்ல எழுதுங்க, காலைல கட்டிங் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டேபிளுக்கு நடந்து போய் கையில குடுங்க. போன தடவைக்கும் இதுக்கும் என்ன மாத்தம் மாஸ்டர்னு கேட்டு அவர் வாயால அளவு வர்ற வரைக்கும் அங்கயே நில்லுங்க. தையல் லைன்ல ஒடிசா, பீகார் பசங்க இருந்தா அங்க ஹிந்தில சொல்ல ஒரு ஆளைப் பிடிங்க, அதுவும் உங்க வேலைதான். வெட்டின பீஸை எம் சைஸுக்கு இறக்கி எடுக்க முடியுமான்னு முதல்ல அவர்கிட்டயே போய்க் கேளுங்க, நீளமா வெட்டியிருந்தா ட்ரிம் பண்ணிருக்கலாம், கட்டையா போனதுல எது தேறும்னு உங்களைவிட அவருக்குத்தான் தெரியும். எம் சைஸ் இன்னும் வெட்டாம இருந்தா நஷ்டம் பாதியாக் கூட குறையலாம்.

சம்பளத்துல பிடிக்கற பேச்சு வந்தா, அவர் தரப்பைக் கேக்காம நஷ்டத்தைச் சம்பளத்துல பிடிக்க சட்டத்துல இடமில்லைன்னு ஹெச்.ஆர்.கிட்ட நீங்களே சொல்லுங்க, அந்த ரூம்ல அவருக்காகப் பேச வேற ஆள் இருக்க மாட்டாங்க.

எம்.டி.க்கு மெயில் போடலாமான்னு கேட்டிருக்கீங்க. தாராளமாப் போடுங்க. எத்தனை மணிக்கு அனுப்பினேன், யார் யார் சிசி, ப்ளூ டிக் ஸ்கிரீன்ஷாட், எல்லாம் வெச்சுக்கங்க. அதுக்கு மேல முதல் வரியா, மாஸ்டருக்கு இங்கிலீஷ் படிக்க வராதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும்னு ஒண்ணு எழுதுங்க, பிராக்கெட் இல்லாம. அந்த வரியை எழுத மனசு வரலைன்னா மெயிலே வேண்டாம், டிராஃப்ட்ல இருக்கறதை டெலீட் பண்ணிட்டு கட்டிங் செக்‌ஷனுக்கு எந்திரிச்சுப் போங்க.