மனநோயும் இருப்பியலும்: கேள்வி பதில்

கேள்வி: பதற்றம் மனிதருக்கு இயல்பு என்று, மனிதரின் சுதந்திரத்தையும் தேர்வையும் பேசும் இருப்பியல் தத்துவத்தின் முன்னோடி கீர்க்ககோர் சொல்லியிருக்கிறாரே, பிறகு சிகிச்சை எதற்கு?

பதில்: 1844இல் அவர் எழுதியது சுதந்திரம் தரும் தலைசுற்றலைப் பற்றி. எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம் என்று தெரியும்போது வருவது அது. வாசலைத் தாண்டவே பயந்து நாள் முழுக்க அறைக்குள் கிடப்பது வேறு. அதற்கு மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை கொடுத்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: மூளையிலிருந்து பிரக்ஞை, அதாவது நான் உணர்கிறேன் என்ற அனுபவம், எப்படி வருகிறது, சார்?

பதில்: 1995இல் தத்துவவாதி டேவிட் சால்மர்ஸ் இதைத்தான் 'கடினமான சிக்கல்' என்றார். இன்னும் அவிழவில்லை. நரம்பியல்காரர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: யாரும் பேசாதபோதே காதில் குரல் கேட்பது எல்லாப் பண்பாட்டிலும் ஒரே மாதிரிதானா?

பதில்: இல்லை. மானுடவியலாளர் டான்யா லூர்மன் குழு கலிஃபோர்னியாவின் சான் மாட்டியோ, கானாவின் அக்ரா, சென்னை ஆகிய மூன்று இடங்களில் தலா 20 நோயாளிகளிடம் பேசியது. அமெரிக்கர்கள் பலருக்குக் கேட்டது வன்முறைப் பேச்சு. மூளை கெட்டுவிட்டதற்கான அடையாளமாகவே அதைப் பார்த்தார்கள். அக்ராவில் பலர் கடவுளின் குரல் என்றார்கள். சென்னையில் பலருக்குப் பேசியது சொந்தக்காரர்கள். வீட்டு வேலை ஏவுவார்கள், திட்டவும் செய்வார்கள்.

1913லேயே ஜெர்மன் மனநல மருத்துவர் கார்ல் யாஸ்பர்ஸ் இரண்டு வேலைகளைப் பிரித்து வைத்தார்: காரணத்தை விளக்குவது, அனுபவத்தைப் புரிந்துகொள்வது. குரல் ஏன் கேட்கிறது என்பதற்கு மூளையைப் பார்க்கலாம். அது ஏன் மாமியாரின் குரலில் 'எழுந்து சமை' என்கிறது என்று கேட்டால், அதைக் கேட்கும் பெண்ணின் வாழ்க்கைக்குள் போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் 20 பேரை வைத்து ஒரு நாட்டையே எடை போட்டுவிட வேண்டாம்.

கேள்வி: அப்படியானால் மனநோயே சமூகம் கட்டிய கதைதானே? மனநல மருத்துவர் தாமஸ் சாஸ் 1961லேயே சொல்லிவிட்டார்.

பதில்: முத்திரைகள் தவறலாம், சரி. 1851இல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க மருத்துவர், தப்பியோடும் அடிமைகளுக்கு ஒரு 'நோய்' கண்டுபிடித்தார். ஒருபால் ஈர்ப்பை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது 1973இல்தான். அதனால் நோயே இல்லை என்பது எப்படிச் சரியாகும்? குரல் கேட்டுத் தூங்காமல் தவிப்பவரிடம் போய் 'இது கதை' என்று சொல்லிப் பாருங்கள்.

அதே நபர்: இன்னொரு மனநல மருத்துவரான ஆர்.டி. லெயிங்கும் சாஸ் பக்கம்தானே?

பதில்: கிடையாது. லெயிங்கைக் காய்ச்சி எடுத்தவரே சாஸ்தான். லெயிங், பித்துப் பேச்சுக்கும் பொருள் உண்டு என்று காது கொடுத்துக் கேட்டவர். அந்தத் துன்பத்தை அவர் மறுக்கவில்லை. இரண்டு பேரையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

அதே நபர்: மருந்து கம்பெனிகளின் லாபம் பற்றி வாயே திறக்கவில்லையே?

பதில்: லாபம் பார்க்கிறார்கள்தான். அதனால் மருந்து வேலை செய்யாது என்று ஆகிவிடாது. இதோடு இந்த விவாதத்தை நிறுத்திக்கொள்வோம்.

கேள்வி: இருப்பியல் தத்துவவாதி சார்த்தரைப் படித்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். கூடாது.

கேள்வி: தியானம் செய்தால்?

பதில்: அதே பதில்.

கேள்வி: நாளை தேர்வு. இருப்பியல் பற்றி ஐந்து மதிப்பெண்ணுக்குக் குறிப்பு தருவீர்களா?

பதில்: உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள்.