பெற்றோருக்கு நீரிழிவு இருந்தால் நமக்கும் வந்தே தீருமா? பழக்கங்களால் தடுக்க முடியுமா?

வந்தே தீரும் என்ற கட்டாயம் இல்லை. மரபுவழி வருவது நோய்க்கான வாய்ப்பு மட்டுமே. பெரும்பாலானோருக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவில் அந்த வாய்ப்பை அன்றாடப் பழக்கங்களால் பெருமளவு குறைக்கலாம். (முதல் வகைக்கு இது பொருந்தாது.) 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், நீரிழிவின் விளிம்பில் இருந்த 3,234 பேரில், உடல் எடையில் 7 சதவீதத்தைக் குறைப்பதையும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியையும் இலக்காகக் கொண்டவர்களிடம், வெற்று மாத்திரை பெற்றவர்களோடு ஒப்பிடுகையில், நோய் ஏற்படுவது 58 சதவீதம் குறைந்தது, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை குறைப்பு மாத்திரை எடுத்தவர்களிடம் அது 31 சதவீதமே.

உணவுக்குப் பின் சற்று நேரம் நடந்து பாருங்கள்: ஒவ்வோர் அடியிலும் சுருங்கும் தொடைத் தசைகள், இன்சுலினின் துணையை அதிகம் எதிர்பாராமலே இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. இதைவிட எளிய தொடக்கம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இனிப்புப் பானங்களை விடுவதும், பழத்தைச் சாறாக்காமல் நார்ச்சத்தோடு கடித்துண்பதும் அடுத்த படிகள். புகைப்பழக்கமும் தூக்கக் குறைவும்கூட இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன.

கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி (HbA1c) இரத்தப் பரிசோதனையை அவசியம் செய்துகொள்ளுங்கள், 5.7 முதல் 6.4 சதவீதம் வரை இருந்தால் அது நீரிழிவின் முந்தைய நிலை என்பதால், அறிகுறிகளுக்காகக் காத்திராமல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.