புது டப்பாவுக்குள்ள 2011 போர்டு

கேள்வி: வணக்கம் சார். போன மாசம் இடி மழையில கரண்டு போயிப் போயி வந்ததுல வீட்டுக் கம்ப்யூட்டர் மதர்போர்டு அவுட்டு. மக பி.காம் முதல் வருஷம் படிக்குது. டேலி, எக்ஸெல், கொஞ்சம் யூடியூப், அம்புட்டுதான் வேலை, கேம் எல்லாம் கிடையாது. மதுரைக்கு வந்து நாலு கடை ஏறி இறங்குனேன். ஒரு கடையில 'ஐ5, புது போர்டு, 8 ஜிபி ரேம்'னு ரொம்ப கம்மியா சொல்றாங்க. இன்னொரு கடையில ஹெச் 610 போர்டு, ஐ3ன்னு சொல்லிட்டு கிட்டத்தட்ட டபுள் விலை. ஐ5தானே பெருசு, ஐ3க்கு எதுக்கு கூட குடுக்கணும்? பழைய மானிட்டர், கேபினட் நல்லாத்தான் இருக்கு.
- வாசகர், மேலூர்

பதில்: அண்ணே, அந்த ஐ5 ப்ராசஸர் எத்தனாவது ஜெனரேஷன், அதாவது எத்தனாவது தலைமுறைன்னு கேட்டீங்களா? கேட்டிருக்க மாட்டீங்க, அவரும் வாயைத் திறந்திருக்க மாட்டாரு. அந்த விலைக்கு வர்றது பெரும்பாலும் ரெண்டாவது இல்ல மூணாவது ஜெனரேஷன், போர்டு ஹெச் 61. போர்டுல இருக்கிற முக்கியமான சிப்பு அது, சிப்செட்டும்பாங்க, இன்டெல் விட்டது 2011ல. போர்டு என்னமோ இப்ப அடிச்சதுதான், டப்பாவும் பளபளன்னு இருக்கும், ஆனா பழைய பஸ் சேசிஸ்ல புது பாடி கட்டி பெயிண்ட் அடிச்ச கதை. ப்ராசஸர் எங்கயோ ஒரு ஆபீஸ்ல ஓடி முடிச்சுக் கழட்டுனதா இருக்கும். கண்டுபிடிக்கிறது ஈசி, நம்பரைப் பாருங்க, 2400, 3470ன்னு நாலு இலக்கமா 2லயோ 3லயோ ஆரம்பிச்சா அதுதான் இது. 12100ன்னு இருந்தா பன்னெண்டாவது, 2022ல வந்தது. இன்னொரு கடை சொன்ன ஐ3 அதுவா இருந்தா இந்தப் பழைய ஐ5ஐ நல்லாவே முந்திரும், பேருக்கு மயங்காதீங்க.

நானே ஏமாந்தவன்தான். திருமங்கலத்துல மச்சினன் வீட்டுக்கு இதே மாதிரி போர்டு போட்டுக் குடுத்தேன், ஏழாவது மாசம் நெட் கேபிள் சொருகுற இடம் செத்துச்சு, அப்புறம் டிஸ்ப்ளேயே வரல. கடைக்குத் தூக்கிட்டுப் போனா, 'வாரண்டி இருக்கு சார், பீஸ்தான் இல்ல'ங்கிறாரு. மச்சினன் இன்னும் சொல்லிச் சொல்லிக் காட்டுறான்.

அதோட விண்டோஸ் சங்கதி ஒண்ணு இருக்கு. விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சு போச்சு. விண்டோஸ் 11 முறைப்படி ஏறணும்னா இன்டெல்ல எட்டாவது ஜெனரேஷனுக்குக் கீழ ஆகாது, டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு வசதியும் வேணும். குறுக்கு வழியில ஏத்தித் தர்றேம்பாங்க, அப்டேட் வர்றப்ப யாரு வந்து பாக்குறது? பிள்ளை இன்னும் ரெண்டு மூணு வருஷம் படிக்கணும்ல.

அதனால ஹெச் 610ஐயே வாங்குங்க. ஆசுஸ், கிகாபைட், எம்எஸ்ஐ, எதுவா இருந்தாலும் அதுல இருக்கிறதுலயே விலை கம்மியானது போதும், லைட் எரியுறது, வைஃபை உள்ளயே இருக்கிறது இதுக்கெல்லாம் துட்டைக் கொட்டாதீங்க, வைஃபை வேணும்னா சின்னதா யூஎஸ்பில சொருகிக்கலாம். பில்லுல சீரியல் நம்பர் எழுதி வாங்குங்க, இந்தக் கம்பெனி போர்டுகளுக்கு நம்ம ஊர்ல வழக்கமா 3 வருஷம் வாரண்டி. உங்க பழைய மானிட்டர் கேபிள் விஜிஏங்கிற பழைய வகையா இருந்தா போர்டுலயும் விஜிஏ இருக்கான்னு பின்னாடி திருப்பிப் பாருங்க. ரேம்ல ரெண்டு வகை, ஹெச் 610ல டிடிஆர் 4 போர்டும் இருக்கு, டிடிஆர் 5 போர்டும் இருக்கு, ஒண்ணோட ரேம் இன்னொண்ணுல உக்காராது. ப்ராசஸர் நம்பர் கடைசில 'எஃப்' இருந்தா வேண்டாம்னுருங்க, அதுல கிராஃபிக்ஸ் கிடையாது, தனி கார்டு இல்லாம படமே வராது, கொஞ்சம் விலை கம்மிங்கிறதால அதைத்தான் முதல்ல எடுத்து நீட்டுவாங்க.

இன்டெல்லுக்குப் பதிலா ஏஎம்டி கம்பெனியோட ரைசன் 5600ஜி ப்ராசஸரும் ஏ 520 போர்டும் நல்ல விலைக்குக் கிடைச்சா அதையும் தாராளமா எடுக்கலாம், 'ஜி' இருக்கணும், அதுலதான் கிராஃபிக்ஸ் உள்ளயே இருக்கு, அது முக்கியம்.

கேபினட் நல்லா இருக்குன்னீங்க, உள்ள கரண்டு குடுக்கிற டப்பா, எஸ்எம்பிஎஸ்? இடியில போர்டு போயிருக்குன்னா அதை நான் நம்ப மாட்டேன், மாத்திருங்க. ப்ராசஸரை கடையிலயே உங்க கண்ணு முன்னாடி மாட்டச் சொல்லுங்க. ஹெச் 610 போர்டுன்னா, மாட்டுறதுக்கு முன்ன ப்ராசஸர் உக்கார்ற சாக்கெட்டுக்குள்ள செல்போன் டார்ச்சை சாய்ச்சு அடிச்சுப் பாருங்க, 1700 பின்னு, முடி மாதிரி, எல்லாம் ஒரே வரிசையா மின்னும், ஒண்ணு வளைஞ்சிருந்தாலும் அங்க மட்டும் மினுக்கம் தப்பித் தெரியும். வளைஞ்ச பின்னுக்கு வாரண்டி கிடையாது. சாக்கெட் மேல இருந்த கறுப்பு பிளாஸ்டிக் மூடியைக் கேட்டு வாங்கி டப்பாவுலயே போட்டு வைங்க, நாளைக்கு வாரண்டிக்கு அனுப்புறப்ப அது இருக்கணும்.

கேள்வி: தினமும் கம்ப்யூட்டரை ஆன் பண்ணா தேதி, டைம் தப்பாவே காட்டுது, நெட்டுல எந்த சைட்டும் தொறக்க மாட்டேங்குது. போர்டை மாத்தணும்னு சொல்றாங்களே?
- வாசகி, உசிலம்பட்டி

பதில்: போர்டெல்லாம் மாத்த வேண்டாம்மா. போர்டுல வட்டமா காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர் 2032, 3 வோல்ட், வாட்ச் கடையிலயே கிடைக்கும். அது தீந்துபோயிருக்கு. தேதி தப்பா இருந்தா சைட்டுங்களும் தொறக்காது. ப்ளக்கைப் புடுங்கிட்டுக் கழட்டுங்க, எழுத்து இருக்கிற பக்கம் மேல பாத்து இருக்கும், புதுசையும் அப்படியே வைங்க, கம்ப்யூட்டர் ஆன் ஆகுறப்ப பயாஸ் செட்டிங்ஸ்ல போயி தேதியை ஒரு தடவை சரி பண்ணா போதும்.