உமிச் சாம்பல், முட்டை ஓடு, தேயிலைக் கழிவு: மலையகத்தில் மலிவுச் சீமெந்து செய்ய முடியுமா?

நெல் உமி, முட்டை ஓடு, தேயிலைக் கழிவு இதையெல்லாம் வைத்து இலங்கை மலையகத்தில் மலிவாகச் சீமெந்து செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சீமெந்து செய்ய முடியாது. வாங்கும் சீமெந்தில் ஒரு பங்கை மிச்சம் பிடிக்கலாம், அதுவும் சரியான சாம்பல் கிடைத்தால். ஒரு சுவரைப் பாழாக்கித்தான் எனக்கு இது தெரிந்தது.

2022இல், 50 கிலோ மூட்டை மூவாயிரம் ரூபாயைத் தாண்டிய நேரம், ஹட்டன் பக்கம் எங்கள் லயத்து (தோட்டத்து வரிசை வீடு) இஸ்தோப்பை, அதாவது முன் திண்ணையை, அடைத்து அறை எழுப்பிக்கொண்டிருந்தோம். சாம்பல் கலந்தால் சீமெந்து குறையும் என்று எங்கோ படித்திருந்தேன். தேயிலைப் பெக்டரி பொயிலரில் இருந்து விறகுச் சாம்பல் நாலு மூட்டை சும்மாவே கிடைத்தது. மாமா மேசன். "டேய், சாம்பல் சட்டி கழுவத்தான்டா, சுவத்துக்கு இல்ல" என்றார். நான் கேட்கவில்லை. மூன்றில் ஒரு பங்கு சீமெந்தை எடுத்துவிட்டு அந்த அளவுக்குச் சாம்பல் போட்டு உள்பூச்சு பூசினேன். மூன்று வாரம் கழித்தும் ஆணியால் கீறினால் மாவாக உதிர்ந்தது. மழை பிடித்ததும் சுவரெல்லாம் வெள்ளை உப்புப் பூத்தது.

பிழை சாம்பலில் இல்லை, அது எந்தச் சாம்பல் என்று பார்க்காத என்னிடம். சீமெந்து தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது கொஞ்சம் சுண்ணாம்பை வெளியே விடும். அது வேலை இல்லாமல் கிடக்கும். நுண்ணிய சிலிக்கா (மணலிலும் இருக்கும் கனிமம்) பக்கத்தில் இருந்தால் அந்தச் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு, சீமெந்தை இறுக்கும் அதே பசைப்பொருளாக மாறும். ரோமர்கள் நேப்பிள்ஸ் பக்கத்து எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்து கட்டியதும் இந்த வழியில்தான். உமிச் சாம்பலில் 85 முதல் 95 வீதம் சிலிக்கா. விறகுச் சாம்பலில் அது குறைவு, சுண்ணாம்பும் பொட்டாசியமும்தான் கூடுதல். நான் சுவரில் பூசியது கிட்டத்தட்ட உரம்.

உமியிலும் எரிக்கும் விதம் முக்கியம். சிறுவயதில் பல் விளக்கிய உமிக்கரி கறுப்பாக இருக்குமே, அதில் எரியாத கரி நிறைய. கலவையில் தண்ணீரைக் குடித்துப் பலத்தைக் குறைக்கும். அதற்காகச் சூடு ஏற்றினாலும் வம்பு. ஏறக்குறைய 700 பாகைக்கு மேலே போனால் சிலிக்கா படிகமாகிவிடும், பிறகு சுண்ணாம்போடு சேராது. அந்தப் படிகத் தூசு நுரையீரலுக்கும் கேடு. நிதானமான சூட்டில் எரித்துச் சாம்பல் நிறத்துக்கு வந்ததை, சீமெந்தைப் போல நைசாக அரைக்க வேண்டும். அரைக்காமல் போட்டால் மணலுக்குப் பதில் தூசு போட்டது போலத்தான். அமெரிக்காவில் பி. குமார் மேத்தா 1970களிலேயே இந்த எரிப்பு முறையை ஆராய்ந்திருக்கிறார், அதனால் இது புதுக் கதை இல்லை.

நல்ல சாம்பலாக இருந்தால் சீமெந்தில் 10 முதல் 20 வீதம் வரை மாற்றலாம். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

இனி நம் ஊர்ப் பிரச்சினை. உமி பொலன்னறுவை, அனுராதபுரம், குருநாகல் மில்களில். வீடு கட்டுவது மலையில். ஆயிரம் கிலோ நெல்லில் உமி 200 கிலோ, அதை எரித்தால் சாம்பல் சுமார் 40 கிலோ. ஒரு சீமெந்து மூட்டை அளவுகூட இல்லை. உமி காற்றுப்போல இலேசு, லொறி நிறைந்தாலும் பாரம் ஏறாது. உமியாக ஏற்றினால் டீசல் காசே மிச்சத்தைத் தின்றுவிடும். மில்லிலேயே எரித்து, அரைத்து, மூட்டை கட்டி அனுப்பினால்தான் கட்டுப்படியாகும். தனியாள் ஒருவர் தன் வீட்டுக்காக இதைச் செய்வதில் அர்த்தமில்லை என்பது என் கணக்கு. புளொக் கல் அறுக்கும் நாலைந்து பேர் சேர்ந்தால் யோசிக்கலாம்.

குளிரையும் மறக்க வேண்டாம். நுவரெலியாவின் சராசரி 16 பாகை அளவுதான், அந்தக் குளிரில் இந்த இறுக்கம் மெதுவாகத்தான் நடக்கும். கொழும்பில் ஒரு வாரம் நனைத்தால் இங்கே இரண்டு மூன்று வாரம் ஈரச் சாக்கு போட்டு வைக்க வேண்டும். பூச்சு, புளொக் கல், முற்றத்துத் தளம் இவற்றுக்குப் பயன்படுத்தலாம். கம்பி கட்டிய தூண், தட்டு, பீம் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

முட்டை ஓடு கிட்டத்தட்ட முழுவதும் கல்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல்லேதான். 900 பாகைக்குச் சுட்டால் 100 கிராமில் 56 கிராம் சுண்ணாம்பு மிஞ்சும், 44 கிராம் கரியமில வாயுவாகப் போகும். சீமெந்து ஆலை விடும் கரியமில வாயுவில் பெரும்பங்கும் இப்படிக் கல்லிலிருந்து வருவதுதான், ஆகவே சுற்றுச்சூழல் இலாபம் பெரிதாக இல்லை. 50 கிலோ சுண்ணாம்புக்கு ஏறக்குறைய பதினாறாயிரம் முட்டை வேண்டும். அத்தனை ஒம்லெட்டை யார் சாப்பிடுவது?

தேயிலைக் கழிவைப் பச்சையாகக் கலக்கவே கூடாது, தாவரச் சாறு சீமெந்து இறுகுவதைக் கெடுக்கும். ஆஸ்திரேலியாவில் 2023இல் கோப்பிச் சக்கையை 350 பாகையில் கரியாக்கிக் கொங்கிரீட்டில் போட்டு, பலம் 30 வீதம் அளவுக்குக் கூடியதாகக் காட்டினார்கள். ஆனால் அது மணலுக்குப் பதில் போட்டது, சீமெந்து மூட்டை குறையாது.

எப்படியாவது உமிச் சாம்பல் கிடைத்தால் முதலில் சோதித்துப் பாருங்கள். நீற்றுச் சுண்ணாம்பு ஒரு பங்கு, சாம்பல் இரண்டு பங்கு, தண்ணீர் விட்டு வடை மாதிரித் தட்டி, ஈரத்துணியில் சுற்றி இரண்டு வாரம் வையுங்கள். பிறகு ஒரு வாளித் தண்ணீரில் போட்டால் கரையாமல் நின்றால் கலக்கிப் பார்க்கலாம். கரைந்தால் தூக்கி எறியுங்கள். அரைக்கும்போது மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள்.

எங்கள் சுவரை மாமா கொத்தி எடுத்து முழுச் சீமெந்தில் திரும்பப் பூசினார், ஒரு வார்த்தை பேசாமல். மிஞ்சிய ஒன்றரை மூட்டைச் சாம்பலை அம்மா லீக்ஸ் பாத்தியில் தூவினார். அந்த முறை லீக்ஸ் நன்றாக வந்தது.